எங்கே வலிக்கிறது, கண்ணே?

மூன்று வருஷங்களுக்கு முன்பு நடந்தது. பொங்கலுக்கு மறுநாள். பஸ் நிலையத்தில் சொல்ல முடியாத கூட்டம். என் மகளுக்கு அப்போது இரண்டரை வயது. என் ஒரு கையில் பை. மறு கையில் அவளுடைய இடது கை. பஸ் வந்து நின்றது. எல்லோரும் முண்டியடித்தார்கள். நானும் படியில் கால் வைத்து, "ஏறம்மா!" என்று குழந்தையை அந்த ஒரு கையாலேயே மேலே தூக்கினேன்.

வீலென்று கத்தினாள்.

உட்கார இடம் கிடைத்தது. சிறிது நேரத்தில் அழுகையும் நின்றது. கூட்டத்தைப் பார்த்துப் பயந்துவிட்டாள் என்று நினைத்தேன். ஒரு பிஸ்கட் கொடுத்தேன். வலது கையால் வாங்கினாள். இன்னொன்று நீட்டினேன். முதல் பிஸ்கட்டை மடியில் வைத்துவிட்டு, அதையும் வலது கையாலேயே வாங்கினாள். இடது கை, முழங்கையில் சற்றே மடங்கி, உடம்போடு ஒட்டிக் கிடந்தது. தொடப் போனால் சிணுங்கினாள்.

"எங்கேம்மா வலிக்குது?" என்று கேட்டேன். மணிக்கட்டைக் காட்டினாள்.

வீட்டுக்கு வந்தோம். என் தாயார் கையைப் பார்த்தார். "சுளுக்குதாண்டா. நல்லெண்ணெயைச் சுடவைத்து நீவினால் காலையில் சரியாகிவிடும்" என்றார். வீக்கம் இல்லை, காயம் இல்லை. குழந்தை அழவும் இல்லை. எனக்கும் அதுவே சரி என்று பட்டது.

என் மனைவி சம்மதிக்கவில்லை. "அத்தை, அவள் கையை ஆட்டவே மாட்டேன் என்கிறாள். டாக்டரிடம் காட்டிவிடலாம்" என்றாள்.

டாக்டர் கேட்ட முதல் கேள்வி: "கையைப் பிடித்து யாராவது இழுத்தீர்களா?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

அவர் குழந்தையோடு ஏதோ பேசிக்கொண்டே முழங்கையை ஒரு கையால் பிடித்தார். மறு கையால் மணிக்கட்டைத் திருப்பி, கையை மடக்கினார். 'டிக்' என்று சிறு சத்தம் கேட்டது. குழந்தை ஒரு கத்துக் கத்தினாள். அவ்வளவுதான். பத்து நிமிஷத்தில், மேஜை மேல் கிடந்த ஸ்டெதாஸ்கோப்பை இடது கையால் இழுத்துக்கொண்டிருந்தாள்!

மணிக்கட்டில் ஒன்றுமே இல்லை. நோவு முழங்கையில். சிறு குழந்தைகளுக்கு முழங்கையில் ஓர் எலும்பின் தலையைச் சுற்றி வளையம் போல ஒரு நார் இருக்கிறது. அது இன்னும் உறுதியாகாத வயதில் கையைப் பிடித்து இழுத்தால், எலும்பு அதிலிருந்து கொஞ்சம் நழுவிவிடும். 1 வயதிலிருந்து 4 வயது வரை இது சாதாரணமாக நடக்கிறது. பஸ்ஸில் ஏற்றும்போதும், தெருவைக் கடக்கும்போதும், விளையாட்டாகக் கைகளைப் பிடித்துச் சுற்றும்போதும் நடக்கும். குழந்தையைத் தூக்குவதானால் இரண்டு அக்குளிலும் கை கொடுத்துத் தூக்க வேண்டும்.

டாக்டர் செய்ததை நாமே செய்து பார்க்கலாமா? கூடாது. குழந்தை கீழே விழுந்திருந்தால் எலும்பு முறிந்திருக்கலாம். முறிந்த எலும்பைத் திருகினால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. குழந்தை அழுகையை நிறுத்தியதும், வலியும் நின்றுவிட்டது என்று நான் முடிவு கட்டியிருந்தேன். இந்தத் தப்பை நான் மட்டும் செய்யவில்லை. பெரிய பெரிய டாக்டர்களே நெடுங்காலம் செய்திருக்கிறார்கள்!

வலி தெரியாது என்றார்கள்!

நம்பமாட்டீர்கள். பிறந்த குழந்தைக்கு வலி தெரியாது என்று 1980-ஆம் ஆண்டுகள் வரை மேல்நாட்டு டாக்டர்கள் பலர் நம்பினார்கள். நரம்புகள் இன்னும் முற்றவில்லை, அதனால் உணர்வு இல்லை என்பது அவர்கள் வாதம். மயக்க மருந்து சின்ன உடம்புக்கு ஆபத்து என்ற பயமும் இருந்தது. அதனால் ஆபரேஷன் செய்யும்போது குறைமாதக் குழந்தைகள் பலவற்றுக்கு, அசையாமல் இருக்க மட்டும் ஒரு மருந்து கொடுத்தார்கள். வலியைப் போக்கும் மருந்து கொடுக்கவில்லை!

எண்ணிப் பாருங்கள். உடம்பு அசையாது. வாய் அழ முடியாது. கத்தி மட்டும் உள்ளே இறங்குகிறது.

1985-இல் அமெரிக்காவில் ஒரு குறைமாதக் குழந்தைக்கு இப்படித்தான் ஆபரேஷன் நடந்தது. குழந்தை சில வாரங்களில் இறந்துவிட்டது. நடந்ததைப் பிறகு அறிந்த தாய் சும்மா இருக்கவில்லை. பத்திரிகைகளுக்கு எழுதினாள். நாடே கேட்டுத் திகைத்தது.

அதே காலத்தில் இங்கிலாந்தில், ஆக்ஸ்போர்டு பல்கலைக் கழகத்தில் ஓர் இந்திய டாக்டர் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார். கன்வல்ஜீத் ஆனந்த் என்று பெயர். இந்தூரில் மருத்துவம் படித்தவர். ஆபரேஷன் முடிந்து வரும் குறைமாதக் குழந்தைகள் மிகவும் துவண்டு வருவதை அவர் கவனித்தார். குழந்தைகளை இரண்டு பிரிவாக வைத்துப் பார்த்தார்கள். ஒரு பிரிவுக்கு வழக்கமான முறை. மறு பிரிவுக்கு அதோடு வலி போக்கும் மருந்தும் சேர்த்து. இரத்தத்தைச் சோதித்தார்கள். வலி மருந்து பெறாத குழந்தைகளின் உடம்பு அதிர்ச்சியில் தத்தளித்தது தெரிந்தது. மருந்து பெற்ற குழந்தைகள் சிக்கல் குறைந்து தேறின. 1987-இல் இந்த முடிவு வெளிவந்தது. அதே ஆண்டில் அமெரிக்கக் குழந்தை வைத்தியர் சங்கமும், பச்சைக் குழந்தைகளுக்கும் மயக்க மருந்து கொடுத்துத்தான் ஆபரேஷன் செய்ய வேண்டும் என்று அறிவித்தது.

நம் பாட்டிமார்களிடம் கேட்டிருந்தால் அப்போதே சொல்லியிருப்பார்கள், குழந்தைக்கு வலி தெரியும் என்று!

முகத்தைப் பாருங்கள்

பேசத் தெரியாத குழந்தையின் வலியை எப்படிக் கண்டுபிடிப்பது? 1997-இல் அமெரிக்காவில் மிச்சிகன் பல்கலைக் கழகத்தைச் சேர்ந்தவர்கள் ஒரு வழி எழுதி வைத்தார்கள். ஐந்து விஷயங்களைப் பார்க்க வேண்டும்: முகம், கால், அசைவு, அழுகை, ஆறுதல். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 2 வரை மார்க். மொத்தம் 10. மார்க் ஏற ஏற வலி அதிகம் என்று அர்த்தம்.

வீட்டில் மார்க் போட வேண்டாம். பார்க்கத் தெரிந்தால் போதும். புருவம் நெரிகிறதா? கண்ணை இறுக மூடுகிறதா? கால்களை வயிற்றை நோக்கி மடக்குகிறதா, உதைக்கிறதா? உடம்பு விறைக்கிறதா? எடுத்து அணைத்தால் அடங்குகிறதா? பசி அழுகை பால் கொடுத்தால் நிற்கும். பய அழுகை தோளில் போட்டால் நிற்கும். எதைச் செய்தும் அடங்காத அழுகை வேறு.

மூன்று வயதைத் தாண்டிய குழந்தையானால் படம் காட்டிக் கேட்கலாம். அமெரிக்காவில் டல்சா என்ற ஊரில், தீக்காயப் பிரிவில் இருந்த குழந்தைகளுக்காக இரண்டு பெண்கள் 1980-ஆம் ஆண்டுகளின் தொடக்கத்தில் ஆறு முகங்களை வரைந்தார்கள். முதல் முகம் சிரிக்கிறது. ஆறாவது முகம் அழுகிறது. "உன் வலி எந்த முகம்?" என்று கேட்டால் குழந்தை விரலால் தொட்டுக் காட்டும். இன்று உலகம் முழுவதும் ஆஸ்பத்திரிகளில் இதைப் பார்க்கலாம். ஒரு காகிதத்தில் நாமே வரைந்துகொள்ளலாம். காசு செலவில்லை.

அழுகிற குழந்தை யாரையாவது கூப்பிட்டுக்கொண்டிருக்கிறது. அடிபட்ட பிறகு விளையாடாமல், சாப்பிடாமல், ஒரு மூலையில் அசையாமல் படுத்திருக்கிறதே, அந்தக் குழந்தையிடம்தான் முதலில் ஓட வேண்டும். அசைந்தால் வலிக்கிறது என்பதால் அது அசையாமல் இருக்கலாம். அழக்கூடத் தெம்பில்லாமலும் இருக்கலாம்.

பச்சைக் குச்சி

காய்ந்த குச்சியை மடக்கினால் பட்டென்று இரண்டாகும். வேப்பமரத்தில் அப்போது ஒடித்த பச்சைக் குச்சியை மடக்கிப் பாருங்கள். வளையும், ஒரு பக்கம் மட்டும் நார் நாராகப் பிளக்கும். குழந்தையின் எலும்பு இந்தப் பச்சைக் குச்சிதான். முறிந்தும் முறியாமலும் இருக்கும். கை கோணியிருக்காது. விரலைக்கூட ஆட்டும். அதனால் "முறிவு இல்லை, சுளுக்கு" என்று சொல்லிவிடுகிறோம்.

குழந்தையின் எலும்பு வளர்வது அதன் நுனிக்கு அருகில் உள்ள ஒரு குருத்துப் பகுதியில். அந்த இடம், மூட்டைக் கட்டியிருக்கும் நாரைவிட மென்மையானது. பெரியவர்களுக்கு நார் பிசகும் இடத்தில் குழந்தைக்குக் குருத்து உடைந்துவிடுகிறது. அதைக் கவனிக்காமல் விட்டால் அந்தக் கையோ காலோ கோணலாகவோ குட்டையாகவோ வளரக்கூடும். ஆகவே, குழந்தைக்கு 'வெறும் சுளுக்கு' என்று வீட்டில் தீர்ப்பு எழுதாதீர்கள். எலும்பின் மேல் ஓர் இடத்தில் தொட்டால் துடிக்கிறதா? மறுநாளும் காலை ஊன்ற மறுக்கிறதா? எக்ஸ்ரே எடுத்துப் பார்க்க வேண்டும்.

முழங்கையில் அடிபட்டு வீங்கினால் எண்ணெய் போட்டு நீவவே கூடாது. மரத்திலிருந்தும் சறுக்குமரத்திலிருந்தும் கையை ஊன்றி விழும் பிள்ளைகளுக்கு முழங்கைக்குச் சற்று மேலே எலும்பு முறியும். கைக்கு இரத்தம் கொண்டுபோகும் குழாய் அங்கேதான் ஓடுகிறது. நீவி நீவி, பிறகு மடக்கவே முடியாமல் இறுகிப்போன முழங்கைகளை எலும்பு டாக்டர்கள் இன்றும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

ஆஸ்பத்திரிக்குப் போகும்வரை என்ன செய்வது? எப்படி இருக்கிறதோ அப்படியே அசையாமல் வைக்க வேண்டும். பலகை தேட வேண்டாம். இந்த ஞாயிறு மலரையே கெட்டியாக மடித்து அடியில் கொடுத்து, துண்டால் தளர்வாகக் கட்டிவிடலாம். (முதலில் கட்டுரையைப் படித்து முடித்துவிடுங்கள்!) கை கோணியிருந்தால் நிமிர்த்தாதீர்கள். டாக்டர் பார்க்கும்வரை சாப்பிட எதுவும் கொடுக்காதீர்கள். மயக்க மருந்து தர வேண்டி வரலாம்.

கட்டுப் போட்ட பிறகுதான் பெரிய ஆபத்து ஒன்று இருக்கிறது. அது மாவுக் கட்டாக இருந்தாலும் சரி, மூங்கில் பட்டை வைத்த நாட்டுக் கட்டாக இருந்தாலும் சரி. உள்ளே வீக்கம் ஏறி, கட்டு இறுகி, இரத்த ஓட்டம் நின்றுபோகலாம். விரல்கள் நீலம் பாய்ந்தோ வெளுத்தோ இருந்தால், ஜில்லென்று இருந்தால், மரத்துப்போனால், விரலை நீட்டிவிட்டால் குழந்தை உயிர் போவதுபோல் கத்தினால், விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. நடுராத்திரியானாலும் போய்க் கட்டைத் தளர்த்த வேண்டும். சில மணி நேரத் தாமதத்தில் கையையே இழக்க நேரிடலாம். "கட்டுப் போட்டால் வலிக்கத்தான் செய்யும்" என்று சமாதானம் சொல்லாதீர்கள். சரியாகக் கட்டிய பிறகு வலி குறைய வேண்டும், ஏறக் கூடாது.

சூடு பட்டால் தண்ணீர்

நம் வீடுகளில் ரசமும் சாம்பாரும் தரையில் இறக்கி வைக்கப்படுகின்றன. தவழும் குழந்தைக்கு அது கைக்கெட்டும் உயரம். கை நீட்டுகிறது; பாத்திரம் கவிழ்கிறது.

உடனே வீட்டில் ஆளுக்கு ஒன்று சொல்வார்கள். இட்லி மாவைப் பூசு, பற்பசையைத் தடவு, மஞ்சள், வெண்ணெய், முட்டை, பேனா மை! ஒன்றும் வேண்டாம். குழாய்த் தண்ணீர் போதும். ஓடுகிற தண்ணீரில் 20 நிமிஷம் காட்ட வேண்டும். 20 நிமிஷம் என்பது நாம் நினைப்பதைவிட நீண்ட நேரம், கடிகாரத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். குழாய் இல்லாவிட்டால் குடத்துத் தண்ணீரைச் சொம்பால் மெள்ள ஊற்றிக்கொண்டே இருக்கலாம். சூடு பட்டு 3 மணி நேரத்துக்குள் எப்போது செய்தாலும் பலன் உண்டு. ஐஸ் மட்டும் வைக்கக் கூடாது. அது காயத்தை இன்னும் கெடுக்கும். காயத்தைக் குளிர வைக்கும்போது மற்ற உடம்பைத் துணியால் போர்த்தி வெதுவெதுப்பாக வைத்திருங்கள்.

நனைந்த சட்டையைக் கழற்றுங்கள். தோலோடு ஒட்டியிருந்தால் விட்டுவிடுங்கள். வளையல், கொலுசு, அரைஞாண் ஆகியவற்றை வீங்குவதற்கு முன்பே எடுத்துவிட வேண்டும். கொப்புளத்தை உடைக்காதீர்கள். சுத்தமான பருத்தித் துணியால் லேசாக மூடிக் கொண்டு போங்கள்.

இதிலும் வலி நம்மை ஏமாற்றும். சிவந்து, கொப்புளித்து, குழந்தை அலறுகிறது என்றால் சூடு மேல்தோலோடு நின்றிருக்கலாம். வெள்ளையாகவோ கருகியோ, தொட்டால் உணர்ச்சி இல்லாமல் இருந்தால் நரம்பே வெந்துவிட்டது என்று அர்த்தம். "வலிக்கவில்லையே, லேசுதான்" என்று இருந்துவிடாதீர்கள். குழந்தையின் உள்ளங்கை அளவுக்கு மேற்பட்ட காயம், முகம், கை, பாதம், மறைவிடம், மூட்டு ஆகிய இடங்களில் பட்ட காயம், மின்சாரம் தாக்கிய காயம், இவை எல்லாமே ஆஸ்பத்திரிக் காயங்கள். 108-ஐக் கூப்பிடுங்கள்.

தலையில் அடி

கட்டிலிலிருந்து விழாத குழந்தை உண்டா? விழுந்ததும் அழுது, மடியில் சிறிது நேரம் இருந்து, பிறகு பழையபடி விளையாடினால் பெரும்பாலும் பயமில்லை. இரண்டு நாள் கவனித்தால் போதும். நினைவு தப்பினால், திரும்பத் திரும்ப வாந்தி எடுத்தால், வலிப்பு வந்தால், எழுப்பினால் எழாமல் துவண்டால், நடை தள்ளாடினால், காதிலோ மூக்கிலோ இரத்தமோ தண்ணீர் போன்ற நீரோ வழிந்தால், ஒரு நிமிஷமும் தாமதிக்கக் கூடாது. ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தையானால், தலையின் பக்கத்தில் மெத்தென்று வீக்கம் தெரிந்தாலே காட்ட வேண்டும்.

அடிபட்ட குழந்தையைத் தூங்கவே விடக்கூடாது என்பார்கள். டாக்டர் பார்த்து, பயமில்லை என்று வீட்டுக்கு அனுப்பிய குழந்தை தூங்கலாம். முதல் இரவு இடையிடையே எழுப்பிப் பாருங்கள். சிணுங்கிக்கொண்டு திரும்பிப் படுத்தால் சரி.

வயிறு என்றால் வயிறுதானா?

குழந்தை எதற்கும் வயிற்றைத்தான் காட்டும். தொண்டை வலித்தாலும் வயிறு. பள்ளிக்கூடத்துக்குப் போகப் பிடிக்காவிட்டாலும் வயிறு! அதனால் நாம் அலட்சியமாக இருந்துவிடுகிறோம். மூன்று வலிகளை மட்டும் அலட்சியம் செய்யவே கூடாது.

முதலாவது: தரையில் படுத்துத் தூங்கிய குழந்தை நடுராத்திரியிலோ விடியற்காலையிலோ எழுந்து வயிறு வலிக்கிறது என்கிறது. வாந்தி எடுக்கிறது. கண் இமை தானாகச் சரிகிறது. விழுங்க முடியவில்லை. இது கட்டுவிரியன் கடியாக இருக்கலாம்! இந்தப் பாம்பு இரவில் வரும். கடித்த இடத்தில் வீக்கமும் இருக்காது, வலியும் இருக்காது, பல் பட்ட அடையாளம்கூடத் தெரியாமல் போகலாம். அஜீரணம் என்று ஓமத் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருக்கும் நேரத்தில் மூச்சு நின்றுவிடும். விஷமுறிவு மருந்து அரசாங்க ஆஸ்பத்திரிகளில் இருக்கிறது. மந்திரிக்கப் போகாமல் அங்கே போங்கள்.

இரண்டாவது: பையன் அடிவயிறு வலிக்கிறது என்கிறான். உண்மையில் வலி விதைப்பையில். சொல்லக் கூச்சம். விதை முறுக்கிக்கொண்டால் 6 மணி நேரத்துக்குள் ஆபரேஷன் செய்து விடுவிக்க வேண்டும். இல்லாவிட்டால் அது அழுகிப்போகும். அப்பாவோ மாமாவோ தனியே அழைத்துப்போய்க் கேட்க வேண்டும்.

மூன்றாவது வயிறு அல்ல, முழங்கால். முழங்கால் வலி என்று குழந்தை நொண்டும். முழங்காலில் ஒன்றும் இருக்காது. கோளாறு இடுப்பு மூட்டில் இருக்கும். ஜுரமும் சேர்ந்து, நிற்கவே மாட்டேன் என்றால் மூட்டுக்குள் சீழ் பிடித்திருக்கலாம். அன்றைக்கே காட்ட வேண்டும். மாலையில் இரண்டு காலும் வலிக்கிறது என்று அழுது, காலையில் ஓடி விளையாடும் குழந்தையைப் பற்றிக் கவலை வேண்டாம், காலைப் பிடித்துவிடுங்கள்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். இன்னும் தவழவே தொடங்காத குழந்தையின் உடம்பில் கன்றிப்போன அடையாளம் எப்படி வரும்? விழுந்தான் என்று சொல்லும் கதைக்கும் காயத்துக்கும் பொருத்தம் இல்லையே, ஏன்? யாராவது ஒருவரைக் கண்டால் குழந்தை ஒடுங்குகிறதா? பக்கத்து வீட்டு விவகாரம் என்று ஒதுங்க வேண்டாம். 1098 என்ற எண்ணுக்கு யார் வேண்டுமானாலும் பேசலாம்.

மருந்தும் கரண்டியும்

வலிக்குக் குழந்தைக்குக் கொடுக்கத் தக்கது பாராசிட்டமால். அளவு வயதை வைத்து அல்ல, எடையை வைத்து. ஒரு கிலோவுக்கு 15 மில்லிகிராம் வரை ஒரு வேளைக்குக் கொடுக்கலாம். 10 கிலோ குழந்தைக்கு 150 மில்லிகிராம். இரண்டு வேளைகளுக்கு நடுவே குறைந்தது 4 மணி நேரம். ஒரு நாளைக்கு 4 வேளைக்கு மேல் கூடாது. மூன்று மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு டாக்டரைக் கேட்காமல் கொடுக்கவே கூடாது.

இங்கேதான் படித்தவர்களும் தவறு செய்கிறார்கள். ஒரு சிரப்பில் 5 மில்லிக்கு 125 மில்லிகிராம் இருக்கும். இன்னொன்றில் 250 இருக்கும். சொட்டு மருந்துப் புட்டியிலோ 1 மில்லியிலேயே 100 இருக்கும்! சிரப் 6 மில்லி கொடுத்த பழக்கத்தில் சொட்டு மருந்தையும் 6 மில்லி கொடுத்தால் நான்கு மடங்கு ஆகிவிடும். ஈரல் கெட்டுப்போகும். புட்டியின் எழுத்தைப் படியுங்கள். மருந்தோடு வரும் மூடியில் அளந்து கொடுங்கள். சமையலறைக் கரண்டி வேண்டாம்.

பெரியவர்களின் மாத்திரையைப் பாதியாக உடைத்துக் கொடுக்கும் வழக்கத்தை விட்டுவிட வேண்டும். டாக்டர் சொல்லாமல் ஆஸ்பிரின் குழந்தைக்கு ஆகாது. மூளையையும் ஈரலையும் தாக்கும் ஒரு கொடிய நோய் அதனால் வரலாம். நிமசுலைடு என்ற மருந்தை 12 வயதுக்கு உட்பட்டவர்களுக்குக் கொடுக்கக் கூடாது என்று 2011-இல் இந்திய அரசு தடை செய்தது. டெங்கு சந்தேகம் இருந்தால் பாராசிட்டமாலைத் தவிர வேறு வலி மாத்திரை கூடாது. இரத்தக் கசிவு வரும்.

மருந்தில்லாத வைத்தியமும் இருக்கிறது. தடுப்பூசி போடும்போது கைக்குழந்தைக்குத் தாய்ப்பால் கொடுத்துக்கொண்டே இருந்தால் வலி குறைகிறது. இதை உலக சுகாதார நிறுவனமே 2015-இல் சிபாரிசு செய்தது. பெரிய குழந்தையானால் படுக்க வைத்து அமுக்கிப் பிடிக்காமல், மடியில் உட்கார வைத்து அணைத்துக்கொள்ள வேண்டும். "வலிக்கவே வலிக்காது" என்று பொய் சொல்லக் கூடாது. ஊசி குத்தியதும் பொய் தெரிந்துவிடும். அடுத்த தடவை குழந்தை நம்மை நம்பாது.

போன மாதம் என் மகளுக்கு ஐந்து வயதுத் தடுப்பூசி. மடியில் வைத்துக்கொண்டேன். "கொஞ்சம் வலிக்கும். பத்து எண்ணுவதற்குள் போய்விடும்" என்றேன். உதட்டைக் கடித்துக்கொண்டு எண்ணினாள். ஏழு வரை வந்ததும் நிறுத்தி, நர்ஸம்மாவைப் பார்த்துக் கேட்டாள்: "போட்டாச்சா?"